ரெண்டாம் ஷிப்ட் வாசித்த மூன்றாவது பாட்டு

நாலுகல்பட்டியில் முதன்முதலாக ஒரு ராக் கச்சேரி நடந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் மேட்டு மில்லின் சத்தம் இடம் மாறியது. அதற்கு முன்னால் நாற்பது வருஷமாக அது மில்லுக்குள்ளேயே இருந்தது. ஊருக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே, மூன்று ஷிப்டும் ஓயாமல் ஓடிய நூல் மில் அது. ஆடிக் காற்றில் சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் வரும், ஐப்பசி மழையில் கொஞ்சம் அமுங்கி வரும், வராமல் மட்டும் இருக்காது.

கச்சேரி நடந்தது எங்கள் கேரம் கிளப்பில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை மாடியில் இருக்கிறது கிளப். நாலு போர்டுகளையும் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு எழுபது பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் மூச்சு முட்டிப்போகிற ஹால். அதன் செயலாளர் நான்தான், பெயர் ஞானதிரவியம். ஹால் கேட்டு என்னிடம் வந்தது பேச்சியம்மாள். மேட்டு மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். மில்லுப் பெண்கள் எல்லாரையும் போலத் தெருமுனைக்குக் கேட்கிற குரலில்தான் பேசுவாள், நாமும் அதே குரலில்தான் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குக் கேட்காது.

"அண்ணாச்சி, வர்ற ஞாயித்துக்கெழம ஹால் வேணும். சாயங்காலம் நாலு மணிலேருந்து ஆறு மணி வரைக்கும்."

"எதுக்கு?"

"கச்சேரி."

"என்ன கச்சேரி, வில்லுப்பாட்டா?"

"ராக்கு," என்றாள். "நான் டிரம்ஸ். ஜெபக்கனி கிட்டார். நம்ம நூருன்னிசா பேஸ் கிட்டார். ரெண்டாம் ஷிப்டுன்னு பேரு வச்சிருக்கோம்."

மூன்று பேரும் ஒரே ஷிப்டில் நின்றவர்கள், ஒரே மாதத்தில் மில்லை விட்டு வெளியே வந்தவர்கள். ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் இரண்டு வருஷமாக என்னவோ தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு சர்ச்சில் கழித்துப்போட்ட டிரம்ஸை வாங்கி, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றும், காது மந்தமாகிப் போனதால் ஸ்பீக்கர் பெட்டியில் சத்தத்தைக் கடைசிவரைக்கும் திருப்பிவைத்துத்தான் வாசிக்கிறார்கள் என்றும், அந்தப் பக்கம் மேய்கிற ஆடுகளுக்குப் பால் வற்றிப்போய்விட்டது என்றும் பேச்சு இருந்தது. அதனால் ராக் என்றதும் நான் ஆச்சரியப்படவில்லை. அடுத்து அவள் சொன்னதற்குத்தான் கையிலிருந்த கேரம் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தேன்.

"சிறப்பு விருந்தினர் திருமேனிநாதன் ஐயா. நேர்ல போயி சொல்லிட்டேன். வர்றேன்னுட்டாக."

"அவுகளையா கூப்புட்ட?"

"அவுகளத்தான்."

திருமேனிநாதன் மேட்டு மில்லின் முதலாளி. பேச்சியின் தங்கை பூங்கோதை செத்தது அவருடைய மில்லில்.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பூங்கோதைக்குப் பத்தொன்பது வயது. காய்ச்சலோடு இரண்டாவது ஷிப்டுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பாமல் மிஷினில் நிறுத்தினார்கள். அவள் நின்ற மிஷினின் ஸ்டாப் சுவிட்ச் உடைந்து ஒரு மாதமாகிக் கம்பியால் கட்டிவைக்கப்பட்டிருந்தது. அவளுடைய துப்பட்டாவை மிஷின் பிடித்துக்கொண்டது. நாலு மிஷின் தள்ளி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்த பேச்சிக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அறுந்த நூலை எடுத்து ஒட்டிக்கொண்டே இருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோது திருமேனிநாதன் நெற்றியில் திருநீறோடு வந்து, ரொம்ப வருத்தமான முகத்தோடு சொன்னார்: "சுவிட்ச் நல்லாத்தான் சார் இருந்துச்சு. புள்ள தூக்கக்கலக்கத்துல இருந்திருக்கு. கூப்புட்டிருந்தா பக்கத்துல இருக்கிற யாருக்காச்சும் கேட்டிருக்கும்ல? சொந்த அக்கா பக்கத்துலதான நின்னா?" ஊரில் பாதிக் குடும்பத்துக்கு அந்த மில்தான் சோறு. ஊர்ப் பெரிய மனிதர்கள் என்று ஐந்து பேரைக் கூப்பிட்டு, கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஐந்தில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

பேச்சி கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க அண்ணாச்சி," என்று மட்டும் கேட்டாள். கொடுத்தேன்.

திருமேனிநாதன் பொன்னாடை என்றால் எங்கேயும் வருவார். கோழி நோய்த் தடுப்பு முகாமில் இருந்து பூப்புனித நீராட்டு விழா வரைக்கும் முன்வரிசை நடு நாற்காலி அவருடையதுதான். அன்றைக்கும் சரியாக நாலு மணிக்கு, வெள்ளை வேட்டி மொடமொடக்க மாடி ஏறி வந்தார். டெண்ட் போடுகிறவரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியை, ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே, மூன்றடி தூரத்தில் போட்டிருந்தார்கள். ஜெபக்கனி பொன்னாடை போர்த்தினாள். நூருன்னிசா எலுமிச்சம்பழம் கொடுத்தாள். பேச்சி டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து இரண்டு குச்சிகளையும் சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஹாலில் நாற்பது பேருக்கு மேல் மில்லுப் பெண்கள், மிச்சம் எங்களைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நாலைந்து பேர்.

முதல் பாட்டு, காலையில் பெண்களைக் கிராமம் கிராமமாக அள்ளிக்கொண்டு வருகிற மில் பஸ்ஸைப் பற்றியது. சுதி அங்கங்கே தப்பியது என்றாலும் ஜெபக்கனியின் குரலில் ஒரு முரட்டுத்தனம் இருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். இரண்டாவது பாட்டு விடுதிச் சாம்பாரைப் பற்றி. அதற்கு மில்லுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் சுவரோரம் நின்ற கேரம் போர்டு ஒன்று சாய்ந்து விழுந்தது. திருமேனிநாதனும் சிரித்தார், பொறுத்துக்கொள்கிற பெரிய மனிதன் சிரிப்பதைப் போல. மூன்றாவது பாட்டுக்கு வார்த்தை கிடையாது. பேச்சி குனிந்த தலை நிமிராமல் அடிக்க ஆரம்பித்தாள். தட தடவென்று, மூச்சு விட இடமில்லாமல், ஒரே சீராக, நூல் சுற்றுகிற ஆயிரம் கதிர்கள் ஒன்றாகச் சுற்றுகிற அந்த ஓட்டத்தில் அடித்தாள். மற்ற இரண்டு பேரும் அதற்குள் நுழைந்துகொண்டார்கள். ஹாலில் இருந்த ஒவ்வொரு மில்லுப் பெண்ணுக்கும் அது என்ன ஓட்டம் என்று உள்ளங்காலிலேயே தெரிந்துவிட்டது, நாற்பது பேரும் பாதத்தால் தரையைத் தட்ட ஆரம்பித்தார்கள். மணி ஐந்து பத்து இருக்கும், அப்போதுதான் பேச்சியின் வலது காதிலிருந்து சத்தம் வெளியே வந்தது.

பஞ்சுபோலத்தான் வந்தது. அழுக்கேறிய வெள்ளையில், விரல் தடிமனில், முறுக்கேறாத திரியாக நீண்டு வந்தது. பிறகு இடது காதிலிருந்து. பிறகு ஜெபக்கனி, நூருன்னிசா, முன்வரிசை, நடுவரிசை, கடைசி வரிசை என்று மில்லில் நின்ற ஒவ்வொருத்தி காதிலிருந்தும், மூன்று வருஷம் நின்றவளுக்கு மெல்லிசாகவும் இருபது வருஷம் நின்றவளுக்குத் தடிமனாகவும், திரிதிரியாக வந்து, மின்விசிறிக் காற்றில் அலையாமல், வழி தெரிந்த மாடுகளைப் போல வரிசையாகப் போய், சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் இரண்டு காதுகளிலும் நுழைந்தது. மேற்கு ஜன்னல் வழியாகவும் வந்தது. அது மில்லுக்குள்ளேயே மிச்சமிருந்த சத்தம், கதவு அகலத்துக்கு ஒரே திரியாக வந்தது. போர்த்திய பொன்னாடையோடு அவர் எழ முயன்றார், எழ முடியவில்லை. அது முழுதாக உள்ளே போக ஒன்பது நிமிஷம் ஆனது, அந்த ஒன்பது நிமிஷமும் பேச்சி நிறுத்தாமல் அடித்தாள். கடைசியாக ஒரு சின்னத் திரி மட்டும் பாதி வழியில் பிரிந்து, யோசித்து, திரும்பி, என்னிடம் வந்து என் இடது காதுக்குள் போனது. நான் தடுக்கவில்லை.

பாட்டு முடிந்தது. ஆனால் ஹாலில் மில் ஓடிக்கொண்டிருந்தது. திருமேனிநாதனைச் சுற்றிப் பத்தடிக்கு, நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷின் கூடத்தின் நடுவில் நின்றால் எப்படி இரையுமோ அப்படி இரைந்தது, அதைத் தாண்டியும் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அவர் படியிறங்கினார், கூடவே மில்லும் படியிறங்கியது. காரில் ஏறினார், காருக்குள் மில் ஓடியது. டிரைவர் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, முழங்கையால் கதவைச் சாத்தினார்.

மேட்டு மில்லில் அந்த நேரத்தில் ஷிப்டில் இருந்தவர்கள், மிஷின்கள் நின்றுவிட்டன என்று நினைத்து ஓடிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. கதிர் சுற்றியது, நூல் ஏறியது, சத்தம்தான் இல்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கூடத்தில் ஒரு பெண் தும்மியது இன்னொருத்திக்குக் கேட்டது. அன்றைக்கு ராத்திரி மில் காலனியில் குழந்தைகள் தூங்க மறுத்து அழுதன. மறுநாளிலிருந்து தாய்மார்கள் மிக்ஸியை ஓடவிட்டுத் தூங்கவைத்தார்கள். வேலை பார்க்கும்போதே பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். முதலில் மருமகளைப் பற்றி, அப்புறம் சூப்பர்வைசரைப் பற்றி, அப்புறம் எந்த எந்த மிஷினில் சுவிட்ச் உடைந்திருக்கிறது என்பதைப் பற்றி. ஒரு மாதத்தில் தொழிற்சங்கத்துக்கு நூற்றிருபது பேர் பெயர் கொடுத்தார்கள்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை பள்ளிக்கூடத் தெரு வழியாக வர வேண்டாம் என்று தலைமையாசிரியர் அவருக்குக் கடிதம் எழுதினார். கோயிலில் மணி அடிப்பது சாமிக்குக் கேட்கவில்லை என்று, எல்லாரும் போன பிறகு உச்சிவெயிலில் வந்து கும்பிட்டுப் போகச் சொன்னார் பூசாரி. முடிவெட்டுகிறவர் கத்தரிச் சத்தம் கேட்காமல் கை ஓட மாட்டேனென்கிறது என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார், முதலாளியின் தலைமுடி தோளில் இறங்கியது. ஒரு கல்யாணத்துக்கும் அவரை யாரும் அழைக்கவில்லை. அழைக்காமலே போன ஒரு கல்யாணத்தில், கெட்டிமேளம் கேட்காமல் மாப்பிள்ளை தாலியோடு முழித்துக்கொண்டு நிற்க, பெண்ணின் தாய்மாமன் வந்து அவரைத் தோளைத் தொட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார். கன்றுக்குட்டிகள் அவருக்கு அரை பர்லாங் முன்னாலேயே அறுத்துக்கொண்டு ஓடின. மதுரையில் பெரிய டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எத்தனை கதிர் ஓடுகிற மில் என்று சைகையில் கேட்டார்.

எனக்கு இடது காதில் மட்டும், ஒரே ஒரு மிஷின். யாரிடமும் நான் சொல்லவில்லை.

பேச்சிக்கு இப்போது நன்றாகக் காது கேட்டது. மெதுவாகப் பேசினாள், நாங்கள்தான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. ஆனால் அவள் சந்தோஷமாக இல்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே, நடுவில் யாரோ கூப்பிட்டதைப் போலத் திரும்பி, "என்னடி?" என்றாள். அங்கே யாரும் இல்லை.

"யார்ட்ட பேசுத?" என்று கேட்டேன்.

"அடச்சு வச்சிருந்த சத்தமெல்லாம் வெளிய போயிருச்சுல்லா அண்ணாச்சி. அடியில இது கெடந்திருக்கு." காதைத் தொட்டுக் காட்டினாள். "பூங்கோத கூப்புட்டது. அன்னைக்கே என் காதுக்குள்ள வந்துதான் இருந்திருக்கு, எனக்குத்தான் கேக்கல. இருபத்தாறு தடவ கூப்புட்டிருக்கா. அக்கா அக்கான்னு இருபத்தஞ்சு தடவ. கடைசித் தடவ அம்மான்னு."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

மூன்றாவது மாதம் முதலாளியின் மனைவி சௌந்தரவல்லி கோழிப்பண்ணைக் கொட்டகைக்கு வந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத அம்மாள். அப்போது நான், அவர்கள் ஒத்திகைக்கு எடுத்துப்போயிருந்த கிளப் நாற்காலிகளைத் திருப்பி வாங்கப் போயிருந்தேன்.

"அவுக தூங்கி எம்பத்தஞ்சு நாளாச்சு, தாயி," என்றார். "சோறு எறங்கல. நான் வேற வீட்டுல படுத்துக்கிடுதேன். நீ பெரிய மனசு பண்ணி எடுத்துரு."

பேச்சி குச்சியைத் தொடையில் துடைத்தாள். "நான் வைக்கலம்மா எடுக்கதுக்கு. அது அவுக மில்லுச் சத்தம். அவுகட்ட போயிருக்கு."

"ஏதாச்சும் ஒரு வழி சொல்லு."

பேச்சி குச்சியை டிரம் மேல் வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஞாயித்துக்கெழம மறுபடி கிளப்புல வாசிக்கோம். வரச் சொல்லுங்க. சுவிட்ச் ஒடஞ்சிருந்துச்சுன்னு அவுகளுக்குத் தெரியுமா தெரியாதா, எங்க எல்லாரு முன்னாலயும் வாயத் தெறந்து சொல்லட்டும். எங்களுக்குக் கேட்டுட்டா, அது போனாலும் போயிரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டு வரைக்கும் கூட்டம். மில்லுப் பெண்களே நூறு பேர் இருப்பார்கள். ஜெபக்கனி ஒரு பாட்டுப் பாடினாள், பிறகு மூன்று பேரும் வாத்தியத்தைக் கீழே வைத்தார்கள். திருமேனிநாதன் வந்தார். வேட்டி கசங்கி, முடி காடாகி, கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. அவரோடு மில்லும் உள்ளே வந்து ஹாலை நிறைத்தது. அவர் நடுவில் நின்று பேசினார்.

நாங்கள் பார்த்தது அவர் வாய் அசைந்ததை மட்டும்தான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார், ஒரு எழுத்தும் எங்களை வந்து சேரவில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டார். கம்பி கட்டுவதைப் போல விரலைச் சுற்றிக் காட்டினார். என்னையும் இன்னும் நாலு பேரையும் சுட்டிக் காட்டினார். மண்டி போட்டார். கடைவாயில் ரத்தம் கசிகிறவரை சொன்னதையே சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஆனால் மில்லில் நிற்கிற பெண்கள் ஒருவரோடொருவர் பேசுவது காதால் அல்ல. மிஷின் இரைச்சலில் எதிர் வரிசைக்காரி என்ன சொல்கிறாள் என்று உதட்டைப் பார்த்தே படித்துவிடுவார்கள். ஷிப்டில் சேர்ந்த ஆறாவது மாதத்தில் எல்லாருக்கும் அது வந்துவிடும். அந்த ஹாலில் நூறு பெண்கள் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். நூருன்னிசாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவர் என்ன சொன்னார் என்று அவர்களுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும்.

அவர் முடித்துவிட்டுப் பேச்சியைப் பார்த்தார். பேச்சி டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, அவருக்கு நேராக நின்று, உதட்டைத் தெளிவாக அசைத்தாள்.

"கேக்கல."

அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். ஜெபக்கனி வந்து நின்றாள். "கேக்கல." முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "கேக்கல." பிறகு ஒவ்வொருத்தியாக, வரிசை வரிசையாக, வயதானவள், புதிதாகச் சேர்ந்தவள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள் என்று எல்லாரும் எழுந்து அவர் முகத்துக்கு முன்னால் வந்து, கேக்கல, கேக்கல என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். நூருன்னிசா மட்டும் தயங்கினாள். "அக்கா, சொல்லிட்டாகளே," என்று உதட்டசைவில் சொல்லிப் பேச்சியின் கையைப் பிடித்தாள். பேச்சி அவளைத் திரும்பிப் பார்த்தாள். நூருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், அவளும் சொன்னாள்.

மறுநாள் அவர் அத்தனையையும் காகிதத்தில் எழுதி அனுப்பினார். பேச்சி அதைத் தொடவில்லை. "எனக்கு எதுக்கு? கலெக்டராபீஸ்ல குடுக்கச் சொல்லுங்க," என்றாள். கொடுத்தார். அந்த வாரமே நானும் பஸ் ஏறிப் போய், என் கையெழுத்து பொய்க் கையெழுத்து என்று எழுதிக் கொடுத்தேன். வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. அவர் கோர்ட்டுக்குள் வந்தால் சாட்சி சொல்வது நீதிபதிக்குக் கேட்காது என்பதால், அவரைத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேனில் உட்காரவைத்து, சொல்வதையெல்லாம் எழுதிக் காட்டினார்கள். மூன்று வருஷம் ஜெயில் கொடுத்தார்கள். மில் இப்போது வேறு ஆட்களிடம் இருக்கிறது. எல்லா மிஷினிலும் சிவப்பு சுவிட்ச் இருக்கிறது. சத்தம் மட்டும் திரும்பி வரவேயில்லை.

எனக்கு என் காதில் ஓடுகிற ஒரு மிஷினும் நிற்கவில்லை. பேச்சியிடம் ஒரு தடவை சொன்னேன். "தெரியும் அண்ணாச்சி, நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்," என்றாள்.

போன மாதம் அவளை ஜெயிலுக்குக் கூட்டிப்போனது நான்தான். சௌந்தரவல்லி அம்மாள் கேட்டுக்கொண்டதற்காக வந்தாள். அவரை மற்றவர்களோடு வைக்க முடியாமல் தோட்டத்தின் கோடியில் தனிக் கொட்டடியில் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி யாரும் எதுவும் பயிர் வைக்கவில்லை. பேச்சி கம்பிக்கு அருகில், அந்த இரைச்சலுக்கு உள்ளேயே போய் நின்றாள். அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: இன்னும் எவ்வளவு நாள், அம்மா?

பேச்சி சிலேட்டை வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, அறுந்த நூல் எங்கே என்று தேடுகிறவளைப் போலப் பார்த்தாள். பிறகு வலது கையை உயர்த்தி, வேண்டாம் என்பதைப் போலவும் போதாது என்பதைப் போலவும் ஒரு தடவை அசைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னால் அவர் கம்பியைப் பிடித்து உலுக்குவது தெரிந்தது. கம்பியின் சத்தம் வெளியே வரவில்லை.

வெளியே லோடு ஆட்டோவில் டிரம்ஸைக் கட்டி வைத்துக்கொண்டு ஜெபக்கனியும் நூருன்னிசாவும் காத்திருந்தார்கள். நாலு மணிக்குக் கழுகுமலையில், உரக்கடை மாடியில் கச்சேரி. எந்தப் பாட்டில் ஆரம்பிப்பது என்று அவர்களுக்குள் சண்டை.

"விடுதிப் பாட்டு வைப்போம்க்கா, சிரிப்பாக," என்றாள் நூருன்னிசா.

பேச்சி ஏறி உட்கார்ந்து, பெரிய டிரம்மை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். எங்கோ ஒரு பக்கம் காதைச் சாய்த்து எதையோ கேட்டாள். "இந்தா வந்துட்டேன்டி," என்று முணுமுணுத்தாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எது ரொம்பச் சத்தமோ, அத வைங்க," என்றாள்.